மூன்றாவது புள்ளி

கோயில் வரிக் கணக்கில் நான் அரைப் புள்ளி.
அவர் இருந்தவரை இருவரும் சேர்ந்து ஒன்று.
அவர் போனதால்தான் எனக்கு இந்த நோய் என்று
ஊர் எழுதிக்கொண்டது.
தப்பான பற்று.
அவர் போவதற்கு நாலு வருடம் முன்பே
அது என் அடுப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சோகம் என்று சொல்லாதீர்கள்.
சோகத்துக்கு ஒரு விலாசம் இருக்கும்.
இது,
பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே
கை நீட்டி அணைக்க முடியாமல் நிற்பது.
கொப்புடையம்மன் தேர் தெருவில் வர
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பது.
மாத்திரை பதினேழு வகை.
மயக்கிவைத்துக் கொடுத்த மின்சாரம் இரண்டு சுற்று.
பிள்ளையார்பட்டிக்கு நாத்தனார் நேர்ந்துகொண்ட கொழுக்கட்டை,
அது எத்தனை என்று அவருக்கே தெரியாது.

ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம்
உப்புத் தண்ணீரில் இரும்புத் தகடு தொங்கவிட்டு
எடை குறைவதை எழுதியவள் நான்.
மண்ணில் புதைத்த குழாய்க்கு
ஓயாமல் கொஞ்சம் மின்னோட்டம் கொடுத்தால்
துரு அண்டாது.
அது குழாய்க்கு எதையும் சேர்ப்பதில்லை.
குழாயைக் குழாயாக விட்டுவைக்கும்.

அதனால்
மூளைக்குள் கம்பி என்று டாக்டர் சொன்னபோது
மகன்தான் அழுதான்.
கையெழுத்துக்கு நீட்டிய தாளில்
நான் உலோகத்தின் பெயரை மட்டும் தேடினேன்.
பிளாட்டினம், இரிடியம்.
சரி. அரிக்காது.
"எல்லாருக்கும் பலிக்கிறதில்ல, இன்னும் ஆராய்ச்சிதான்" என்றார்.
எங்கள் தகடுகளும் அப்படித்தான் என்று
சொல்ல நினைத்தேன்.
வாய் திறப்பது அப்போது ஒரு நாள் வேலை.

சென்னை.
மண்டையைச் சட்டத்தில் பூட்டியிருக்கிறார்கள்,
விழித்திருக்கிறேன்.
ஒரு கம்பியில் நாலு புள்ளி.
ஒவ்வொன்றாக முடுக்கி, "இப்ப?" என்கிறார்.
முதல் புள்ளி. ஒண்ணுமில்ல.
இரண்டாவது. நெஞ்சுல சூடு மாதிரி. போயிடுச்சு.
மூன்றாவது.

ஏசி இரைந்துகொண்டிருந்தது.
காலையிலிருந்தே இரைந்திருக்க வேண்டும்.
என் கையைப் பிடித்திருந்த நர்ஸிடம்
"உனக்கு எந்த ஊரு?" என்றேன்.
"தேவகோட்டை, ஆச்சி."
டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார்.
பதினோரு வருடத்தில்
இன்னொருவரைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி.

இத்தோடு முடித்தால் கதை நன்றாக இருக்கும்.
ஆனால் வீட்டுக்கு வந்ததும்
மூன்றாவது புள்ளி ஊமையாகிவிட்டது.
ஏழு மாதம்.
விடியுமுன் பல்லவனில் ஏறிப் போய்
அளவைக் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டி,
ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்காமல் திரும்பி வந்தேன்.
ஒரு புதன்கிழமை,
பால் பொங்கியது.
அணைத்தேன்.
அடுப்புக் குமிழில் கை வைத்தபடி
வெகுநேரம் நின்றிருந்தேன்.

இப்போது காறையெலும்புக்குக் கீழே
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி.
ராத்திரி சார்ஜ் போடுகிறேன்.
செக்காலையில் கரண்ட் போனால்
மகன் போனில் பதறுகிறான்: "அம்மா, இருக்கீங்களா?"
இருக்கேன்டா, நாலு நாள் தாங்கும்.

"இந்தச் சிரிப்பு ஒன்னோடதா, மிஷினோடதா?"
நாத்தனார் மீனாள் கேட்டார்.
தெரியலை என்றேன்.
யோசித்துப் பார்க்கலாம் போல் இருந்தது.
யோசிக்கவும் முடிந்தது.

சில ஞாயிறுகள் இன்னும் சாம்பல்தான்.
பெட்டியின் குறையா, ஞாயிறின் குணமா,
பிரித்தெழுத எனக்கு இன்னும் வரவில்லை.

நேற்று வரி கட்டப் போனேன்.
கணக்கர் தலை நிமிராமல் "அரை" என்று எழுதினார்.
"தம்பிக்கு எந்தத் தெரு?" என்றேன்.
பேனா நின்றது.
"ஒங்க தெருதான் ஆச்சி. எதிர் வீடு.
கல்யாணமாகி வந்து ஒம்பது வருசமாச்சு."

அப்படியா.
மாடியில் காயும் அந்தக் கிளிப்பச்சைச் சேலை
உங்க வீட்டுதா?